காந்தப் படமும் கடோலினிய ஊசியும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த ஊரில் நோய் கண்டால், நமக்குக் கவலை இரண்டாகிறது. நோய் ஒன்று, அதை அவ்வூர் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது மற்றொன்று. தில்லியிலோ, கொல்கத்தாவிலோ, சூரத்திலோ வாழும் நம்மவர் குடும்பம் ஒன்றில், இளைஞர் ஒருவருக்குத் திடீரென வலிப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தலையை எம்.ஆர்.ஐ. படம் எடுத்து வரும்படி மருத்துவர் சீட்டு எழுதித் தருகிறார். சீட்டின் ஓரத்தில் ‘கான்ட்ராஸ்டுடன்’ என்று ஒரு சொல்லும் இருக்கிறது. படம் எடுக்குமிடத்தில் அந்த ஒரு சொல்லுக்காகக் கட்டணம் கூடுகிறது. கையெழுத்திட ஒரு படிவமும் நீட்டப்படுகிறது. பின்னால் வரிசை நிற்கிறது. படிவத்தில் உள்ள எழுத்து நமக்குப் பழகிய எழுத்தன்று. நாம் படிக்காமலே ஒப்பமிட்டு விடுகிறோம். “சாய ஊசி போடுவார்கள்” என்று பக்கத்திலிருப்பவர் சொல்வதே அதைப் பற்றி நாம் பெறும் முழு விளக்கமாகி விடுகிறது.

அந்த ஊசி மருந்து சாயமன்று. அதற்கு நிறம் இல்லை. அதைவிட வியப்பு, அந்த மருந்தை அக் கருவி காண்பதே இல்லை என்பது. காணப்படாத ஒரு பொருளைக் கொண்டு நோயை எவ்வாறு காண்கிறார்கள், அதை இன்னும் நன்றாகக் காண அறிஞர்கள் என்ன செய்கிறார்கள், மருந்தின் அளவைக் கூட்டாமலே காண வேண்டிய கட்டாயம் ஏன் நேர்ந்தது என்பவற்றை இங்கே சிறிது பார்ப்போம். படிவத்தில் ஒப்பமிடுவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

வானொலியின் வாயிலாக நேயர்களோடு உரையாடும் நமக்கு இக் கருவியோடு ஓர் உறவுமுறை உண்டு. எம்.ஆர்.ஐ. கருவி என்பது ஒலிபரப்பு நிலையமும் வானொலிப் பெட்டியும் ஓருருவாகச் சேர்ந்தது என்றே சொல்லலாம். நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன; அவற்றின் கருவாகிய புரோட்டான் ஒரு நுண்ணிய காந்தம் போல் நடந்துகொள்ளும். வலிய காந்தத்தினுள் உடலை வைத்தால் இப் புரோட்டான்கள் பம்பரம் தலையசைத்துச் சுற்றுவது போல் சுற்றுகின்றன. பெரிய மருத்துவமனைகளில் வழக்கமாக உள்ள 1.5 டெஸ்லாக் கருவியின் காந்தம், பூமியின் காந்தத்தைப்போல் 30,000 மடங்குக்கும் மேல் வலியது. அதனுள் புரோட்டான்கள் வினாடிக்குச் சுமார் 6 கோடியே 40 லட்சம் முறை சுற்றும். பண்பலை வானொலிக்கு உரிய அலைவரிசையோ 8 கோடியே 80 லட்சத்தில் தொடங்குகிறது. இரண்டும் அண்டை வீட்டுக்காரர் போலத்தான்! வெளியிலிருந்து பாட்டும் செய்தியும் உள்ளே புகுந்து படத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அக் கருவி உள்ள அறையைச் சுற்றிலும் செப்புத் தகடு போர்த்தி வைத்திருக்கிறார்கள்.

தம்புராவின் ஒரு தந்தியை மீட்டினால், அதே சுருதியில் கூட்டப்பட்ட மற்றொரு தந்தி தானே அதிர்வதைக் காண்கிறோமல்லவா? அவ்வாறே சரியான அலைநீளத்தில் வானொலி அலையை உள்ளே செலுத்தினால் புரோட்டான்கள் அதை ஏற்று, பின் தாமும் மெல்லிய அலையைத் திருப்பி அனுப்புகின்றன. இதை 1946-ஆம் ஆண்டில் பிளாக், பர்செல் என்னும் இருவர் தனித்தனியே கண்டனர். 1952-இல் நோபெல் பரிசு பெற்றனர். அந்த மெல்லிய அலையிலிருந்து படம் வரையலாம் என்று 1973-இல் காட்டியவர் லாட்டர்பர். அவரும் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மெல்லிய அலை என்று சொன்னோம், எவ்வளவு மெல்லியது? புரோட்டான்கள் காந்தத்தின் திசையிலும் எதிர்த் திசையிலும் ஏறக்குறையச் சமமாகவே நிற்கின்றன. 1.5 டெஸ்லாவில் பத்து லட்சத்துக்கு ஐந்து என்னும் அளவில்தான் ஒரு பக்கம் மிகுதி. அந்த ஐந்தின் குரலைக் கேட்டே மூளையின் மடிப்புகள் அனைத்தும் வரையப்படுகின்றன. இவ்வளவு சிறிய குரலில் நோயுள்ள இடத்தின் குரலைத் தனியே பிரித்தறிவது எளிதன்று என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

இங்கேதான் ஊசி மருந்து வருகிறது. வானொலி அலையால் நிலை பிறழ்ந்த புரோட்டான்கள் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு மீள்கின்றன. அதற்கு ஆகும் நேரத்தை மீட்சிக் காலம் என்று நாம் குறிப்பிடுவோம். கொழுப்பில் அது கால் வினாடி. மூளையைச் சூழ்ந்துள்ள நீரிலோ நான்கு வினாடி. மூளைத் திசுவில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. விரைவில் மீள்வன படத்தில் வெண்மையாகவும், தாமதமாக மீள்வன கருமையாகவும் தோன்றுமாறு கருவியை அமைக்கலாம். கடோலினியம் என்னும் உலோக அணுவில் இணை சேராத எலெக்ட்ரான்கள் ஏழு உள்ளன. அதனால் அது தன்னை அணுகிய நீரின் புரோட்டான்களை விரைந்து மீளச் செய்கிறது. அது சேர்ந்த இடத்து நீர் வெளுத்துக் காட்டும். எக்ஸ்-ரே படத்துக்குக் கொடுக்கும் அயோடின் மருந்து தானே கதிரைத் தடுத்து நிழல் காட்டுகிறது. கடோலினியமோ நீரைப் பேச வைத்துத் தான் மறைந்து நிற்கிறது. நீர் இல்லாத இடத்தில் கடோலினியம் இருந்தும் பயனில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு திசுவின் மீட்சிக் காலம் 1000 மில்லி வினாடி என்க. அதில் லிட்டருக்கு 16 மில்லி கிராம் என்னும் அளவில் கடோலினியம் சேர்ந்தால், பழைய வகை மருந்துகளில் அக்காலம் ஏறக்குறைய 700 மில்லி வினாடியாகக் குறையும். கண்ணுக்குப் புலப்பட இது போதும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு வழக்கமாகச் செலுத்தும் மருந்து 12 மில்லி லிட்டர். அதில் உள்ள கடோலினியம் ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு.

ஆனால் வெறும் கடோலினியம் நஞ்சு. அதன் அயனியின் பருமன் கால்சியத்தை ஒத்திருப்பதால், உடலில் கால்சியம் செய்ய வேண்டிய வேலைகளில் புகுந்து குழப்பும். ஆகையால் வேதியியலார் அதை நண்டு தன் கொடுக்கால் பற்றுவது போல் ஒரு கரிமச் சேர்மத்தால் பற்றிப் பிடித்து வைத்தனர். 1978-இல் லாட்டர்பர் குழுவினர் நாய்களில் மாங்கனீசு உப்பைக் கொண்டு இதயத்தின் கெட்ட பகுதியைப் பிரித்துக் காட்டியிருந்தனர். பின்னர் பெர்லினில் ஷெரிங் நிறுவனத்தைச் சேர்ந்த வைன்மன் முதலியோர் கொடுக்குப் பிடியில் அடங்கிய கடோலினியத்தை உருவாக்கினர். அது 1988-இல் மருத்துவப் பயனுக்கு வந்தது. சிறுநீரகம் நன்றாக இயங்குபவரின் இரத்தத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் அதில் பாதி வெளியேறி விடும்.

நாம் முதலில் சொன்ன இளைஞரிடம் திரும்புவோம். மூளையின் இரத்தக் குழாய்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கண்ட பொருளையும் மூளைக்குள் விடாத காவல் அவற்றின் சுவரில் அமைந்திருக்கிறது. கடோலினிய மருந்தையும் அக் காவல் விடுவதில்லை. ஆனால் கட்டியோ, காசநோய்க் கழலையோ, நாடாப் புழுவின் முட்டையால் உண்டான நீர்க்கொப்புளமோ, சீழ்க்கட்டியோ தோன்றிய இடத்தில் காவல் தளர்ந்து மருந்து கசிகிறது. அவ்விடம் படத்தில் வெண்ணிற வளையமாக எழுகிறது. நம் நாட்டில் வலிப்போடு வரும் இளையோரிடம் புழுக் கொப்புளமும் காசக் கழலையும் அடிக்கடி காணப்படுவன. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது; காசநோய்க்கென்றால் பல மாதங்கள் விடாமல் உண்ண வேண்டும். புற்றுக் கட்டியென்றால் வழியே வேறு. ஒரு சிறு வளையம் தெரிவதும் தெரியாமற் போவதும் ஒரு குடும்பத்தின் வாழ்வைத் திருப்பி விடக்கூடும்.

அவ் வளையம் ஏன் தெரியாமற் போகிறது? பல காரணங்கள் உண்டு. ஊசிக்கு முன் எடுத்த படம் இல்லாமை முதலாவது. மூளையில் சில நாட்களுக்கு முன் கசிந்த இரத்தமும் மருந்தைப் போலவே வெளுத்துக் காட்டும். ஊசிக்கு முன்னும் பின்னும் ஒரே விதமாக எடுத்த இரு படங்களை ஒப்பிட்டாலன்றி எது பழைய இரத்தம், எது மருந்தின் விளைவு என்று சொல்லல் அரிது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து எஞ்சியதை மட்டும் காட்டும் முறையும் வழக்கில் உண்டு. நோயாளி இடையில் தலையை அசைத்தால் கழித்தல் பிழைபடும். ‘அசையாதீர்கள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லுவது அதிகாரத்துக்காக அன்று.

கொழுப்பு மற்றொரு தடை. அது இயல்பாகவே வெண்மை; கண்ணின் பின்புறத்திலோ மார்பிலோ மருந்தேறிய கட்டி இருந்தால், கொக்குக் கூட்டத்தின் நடுவே நின்ற வெள்ளை வாத்து போல் மறைந்துவிடும். நல்வாய்ப்பாக, கொழுப்பின் புரோட்டான்கள் நீரின் புரோட்டான்களைவிட வினாடிக்குச் சுமார் 220 சுற்றுகள் குறைவாகச் சுற்றுகின்றன. ஆறு கோடிக்கு மேற்பட்டதில் 220 என்பது எம்மாத்திரம் என்று தோன்றலாம். ஆயினும் அந்த வேறுபாட்டைப் பிடித்து, கொழுப்பின் குரலை மட்டும் முன்னதாகவே அடக்கிவிட்டுப் பிறகு படம் எடுக்கிறார்கள்.

பொறுமையும் ஒரு மருந்தாகிறது. ஊசி போட்ட உடனே எடுத்த படத்தில் தென்படாத சிறு புள்ளிகள், ஐந்து பத்து நிமிடம் காத்திருந்து எடுத்தால் தென்படுவதுண்டு. கசிவு மெதுவாக நிகழ்வதே காரணம். மார்பகம் போன்ற உறுப்புகளிலோ இதற்கு மாறாக, முதல் சில நிமிடங்களில் வெண்மை எவ்வளவு விரைவாக ஏறி எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதே கட்டியின் தன்மையைச் சொல்லும். ஆகவே அங்கே அடுத்தடுத்துப் படம் எடுக்கிறார்கள். காலம் அறிந்து செய்தல் என்பது இத்துறையில் உவமையன்று, நேர்ப்பொருள்.

இவற்றினும் நுட்பமான முறை ஒன்று உண்டு. அதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். திசுவில் உள்ள நீர் எல்லாம் தடையின்றித் திரிவதில்லை. புரதம் முதலிய பெரிய மூலக்கூறுகளோடு ஒட்டி உறவாடும் நீரும் உண்டு. அப் பெரிய மூலக்கூறுகளின் புரோட்டான்களை மட்டும் சுருதி சற்று விலகிய ஓர் அலையால் களைப்படையச் செய்தால், அக் களைப்பு பக்கத்து நீருக்கும் தொற்றுகிறது. நல்ல மூளைத் திசு இதனால் கருமையடைகிறது. கடோலினியம் சேர்ந்த இடத்திலோ நீர் விரைந்து மீள்வதால் களைப்பு அவ்வளவாகப் பற்றுவதில்லை. சுற்றுப்புறம் இருள, வளையம் மட்டும் ஒளிர்கிறது. விளக்கின் திரியைத் தூண்டாமல் அறையின் சன்னல்களைச் சாத்திவிட்டது போன்ற செயல். ஒரே அளவு மருந்தோடு இம்முறையைச் சேர்த்தால், மும்மடங்கு மருந்து தரும் தெளிவுக்கு ஏறக்குறைய ஒத்த தெளிவு கிடைக்கும் என 1990-களில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. லக்னோவிலுள்ள சஞ்சய் காந்தி முதுகலை மருத்துவ நிலையத்தார் இம்முறையை மூளைக் காசநோயில் விரிவாக ஆராய்ந்தனர். காசநோயால் அழற்சியுற்ற மூளையுறைகள் இம்முறையில் ஊசிக்கு முன்பே வெளுத்துத் தோன்றுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். இது துப்பறியப் பெரிதும் உதவும். அதே சமயம், ஊசிக்கு முன் எடுத்த படம் வேண்டும் என்று நாம் முன்னர் கூறியதன் தேவையையும் வற்புறுத்தும்.

இவ்வளவு பாடு எதற்கு, மருந்தையே கூடுதலாகச் செலுத்திவிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். மிகுதியும் எப்போதும் நன்மையன்று. மருந்து அளவுக்கு மீறிச் செறிந்தால் அது வேறொரு வகையில் புரோட்டான்களின் ஒழுங்கைக் கலைத்து, படத்தை வெளுப்பதற்குப் பதில் கறுக்கச் செய்யும். ஊசிக்குப் பின் சிறுநீர்ப் பையைப் படம் எடுத்தால், அடியில் செறிந்த மருந்து கருமையாகவும் அதன் மேல் நீர்த்த மருந்து வெண்மையாகவும் அடுக்கடுக்காகத் தோன்றும் வேடிக்கையைக் காணலாம்.

வேடிக்கையாகாத காரணமும் உண்டு. 1997-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் சிறுநீரகம் செயலிழந்த சிலருக்கு ஒரு புதிய நோய் தோன்றியது. தோல் மரக்கட்டை போல் தடித்தது, மூட்டுகள் மடங்கியபடியே இறுகின, சிலர் நடக்க இயலாதவராயினர், உயிரிழந்தோரும் உண்டு. 2000-இல் இதைப் பற்றிய செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தபோது காரணம் விளங்கவில்லை. 2006-இல் ஆஸ்திரியா நாட்டு மருத்துவர் ஒருவர் இந் நோயாளிகள் கடோலினிய ஊசி பெற்றவர்கள் என்பதைச் சுட்டிக்காட்டினார். வெளியேற வழியின்றி உடலில் நாட்கணக்கில் தங்கிய மருந்திலிருந்து, கொடுக்கின் பிடி நழுவிக் கடோலினியம் விடுபட்டிருக்கிறது. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசின் மருந்துத் துறை கடும் எச்சரிக்கை விதித்தது. கடோலினியத்தைப் பற்றும் சேர்மங்களுள் நீள்வடிவமாய் நெகிழ்ந்து கிடப்பன ஒரு வகை; வளையமாய்ச் சுற்றிக் கூண்டுபோல் அடைப்பன மற்றொரு வகை. பெரும்பாலான கேடு முதல் வகையால் விளைந்தது. வளைய வகையால் அந் நோய் வருவது மிக மிக அரிது.

2014-இல் ஜப்பானிய மருத்துவர்கள் மற்றொரு செய்தி தந்தனர். பலமுறை ஊசி பெற்றவர்களின் மூளையில், ஊசி போடாத நாளில் எடுத்த படத்திலும் சில ஆழ்ந்த பகுதிகள் வெளுத்திருந்தன. கடோலினியம் சிறிதளவு அங்கே தங்கிவிடுகிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. இதனால் மூளைக்குக் கேடு நேர்கிறது என்று நிறுவப்படவில்லை. ஆயினும் 2017-இல் ஐரோப்பிய மருந்து ஆணையம், சிரையில் செலுத்தும் நீள்வடிவ மருந்துகளைக் கல்லீரல் படத்துக்குரிய இரண்டைத் தவிர நிறுத்தி வைத்தது. இம் முன்னெச்சரிக்கை பொருத்தமானதே என்பது நம் கருத்து. ஆண்டுதோறும் படம் எடுக்க வேண்டிய நோயாளிகள் எத்தனையோ பேர் உளர்.

ஆகவேதான் குறைந்த மருந்தில் நிறையக் காணும் முயற்சி இன்று முனைப்பாக நடக்கிறது. வேதியியலார் ஒரு வழி கண்டனர். பழைய மருந்தில் கடோலினியத்தை ஒரு நேரத்தில் ஒரு நீர் மூலக்கூறே நேரே தொட முடியும். கொடுக்கு மற்ற இடங்களை அடைத்துக்கொண்டிருக்கிறது. வளைய வகையிலேயே இரண்டு நீர் மூலக்கூறுகளுக்கு இடம்விட்டுப் புதிதாக அமைக்கப்பட்டது கடோபிக்லெனால் என்னும் மருந்து. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் திறன் பழையதைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு. முன் சொன்ன கணக்கில், 16 மில்லி கிராமுக்குப் பதில் 8 மில்லி கிராம் சேர்ந்தாலே மீட்சிக் காலம் 1000-லிருந்து ஏறக்குறைய 630 ஆகிவிடும். பாதி மருந்து, ஆயினும் கூடுதல் வெண்மை! அதன் வழக்கமான அளவும் பழையதில் பாதியே.

கணிப்பொறியாளர் மற்றொரு வழி காட்டுகின்றனர். பத்தில் ஒரு பங்கு மருந்து செலுத்தி எடுத்த படத்திலிருந்து, முழு மருந்து செலுத்தியிருந்தால் எப்படி இருக்கும் என்பதைச் செயற்கை நுண்ணறிவால் வரைந்து காட்டலாம் என 2018-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் அறிவித்தனர். நயமான முயற்சிதான். எனினும், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? குறைந்த மருந்தில் சிறு புள்ளி ஒன்று சற்றும் ஒளிராதிருந்தால், எந்தப் பொறியும் அதை அறிந்து வரைய இயலாது. இல்லாத புள்ளியை வரைந்துவிடும் அச்சமும் இருக்கிறது.

மருந்தே இல்லாமல் இரத்தக் குழாய்களைக் காணும் வழியும் உண்டு. அதன் வேர்களுள் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூர்யன் என்பவர், ஓடும் திரவத்தின் காந்த ஒத்ததிர்வை அளந்து 1951-இல் வெளியிட்டார். தேங்கிய நீரில் களைத்த புரோட்டான்களே மீண்டும் மீண்டும் அலையைப் பெறுகின்றன. ஓடும் நீரிலோ களைப்பறியாப் புதிய புரோட்டான்கள் வந்துகொண்டேயிருப்பதால் குரல் உரத்துக் கேட்கிறது. இதே தத்துவத்தால் இன்று மூளையின் தமனிகளை ஊசியின்றிப் படம் எடுக்கிறார்கள். படம் எடுக்கும் கருவி தோன்றுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முந்திய ஆராய்ச்சி அது.

இனிப் படிவத்துக்கு வருவோம். அதில் உள்ள கேள்விகளுள் தலையாயது சிறுநீரகத்தைப் பற்றியது. சிறுநீரகத்தை இந்தியில் ‘குர்தா’ என்பர். தமிழெழுத்தில் எழுதினால் சட்டைக்கும் அதற்கும் வேற்றுமை தெரியாது. ஆகவே காதால் கேட்டுத் தெளிதல் நன்று. மராத்தியிலும் குஜராத்தியிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘மூத்ரபிண்டம்’ என்பதை ஒட்டிய சொல் வரும். வங்காளத்திலும் மலையாளத்திலும் ‘விருக்கம்’ என்பதன் திரிபு வரும். எங்கும் ‘கிட்னி’ என்றால் விளங்கும். நீரிழிவோ நெடுநாள் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் கிரியேட்டினின் அளவைச் சோதித்த தாளைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். கருவுற்றிருப்பின் அதைத் தாமே முன்வந்து சொல்ல வேண்டும். முன்பு எப்போதாவது இவ்வூசியால் தடிப்போ மூச்சுத் திணறலோ ஏற்பட்டிருந்தால் அதையும் மறைக்கலாகாது. செலுத்தப் போகும் மருந்து வளைய வகையா, நீள்வடிவ வகையா என்று கேட்கலாம். மருந்தின் பெயரை அறிக்கையில் குறித்துத் தருமாறும் வேண்டலாம்.

சொந்த ஊரில் எடுத்த பழைய படங்கள் இருந்தால், தாளோ தகடோ எதுவாயினும், அதையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மதுரையிலோ கோவையிலோ எடுத்த படத்தில் அவ் வளையம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரிந்தால், இன்றைய படத்தைப் பார்ப்பவர் அது வளர்ந்ததா, சுருங்கியதா என்பதை அளந்தே சொல்லிவிடுவார். சில வேளைகளில் மறுபடி ஊசிக்கே தேவையிராது.